சூளைக்குள் பானை உடைகிறதா?

பச்சைப் பானை கறுத்திருக்கிறது. சூளையில் அடுக்கித் தீ மூட்டி, ஆறிய பின் எடுத்தால் சிவந்திருக்கிறது. அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? குயவரிடம் கேட்டால் வெந்ததால் வந்தது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். இந்தியத் தர்க்க மரபோ இந்தக் கேள்வியைப் பல நூற்றாண்டுகள் விடாமல் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியது.

அந்த மரபின் ஒரு பிரிவினரான வைசேடிகர் சொன்ன பதிலுக்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். நிறம் மாறுவதென்றால் அது அணுவில்தான் மாற வேண்டும். பானை முழுதாக இருக்கும்வரை அதன் உள்ளணுக்களைத் தீ எட்ட முடியாது. ஆகவே தீ பட்டதும் பானை அணு அணுவாகக் கழன்றுபோகிறது. தனித்து நிற்கும் அணுக்கள் வெந்து சிவக்கின்றன. பிறகு இரண்டிரண்டாகச் சேர்ந்து, அந்தச் சேர்க்கைகள் மும்மூன்றாகத் திரண்டு, படிப்படியாக ஒரு புதுப் பானை எழுகிறது. சூளைக்குள் வைத்த பானை வேறு, வெளியே எடுத்த பானை வேறு. பீலுபாக வாதம் என்று இதற்குப் பெயர்.

இன்னொரு பிரிவினரான நையாயிகர் இதை ஒப்பவில்லை. பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, தீ அவற்றின் வழியே புகுந்து பானை பானையாக இருக்கும்போதே உள்ளும் புறமும் வேகவைக்கிறது என்றனர். இது பிடரபாக வாதம். அவர்கள் கேட்ட கேள்விகள் சூளைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் கேட்பவை. அடியில் இருக்கும் பானை அணுவணுவாகச் சிதறினால் மேலே அடுக்கியவை ஏன் சரிந்து விழவில்லை? குயவரும் சக்கரமும் இல்லாமல் அதே அளவில், அதே எண்ணிக்கையில் புதுப் பானைகளை உள்ளே வனைந்தது யார்? எல்லாம் கண் பிடிக்க முடியாத வேகத்தில் நடந்துவிடுகிறது என்று வைசேடிகர் பதில் சொன்னார்கள். அந்த வேகத்துக்கும் கணக்கு வைத்திருந்தார்கள். பழைய பானை அழியத் தொடங்கியதிலிருந்து புதிய நிறம் தோன்றுவதற்குள் ஒன்பது கணமா, பத்தா, பதினொன்றா என்று பிற்கால நூல்கள் தனியே வாதாடுகின்றன.

இதையெல்லாம் படிக்கும்போது சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் பானை அங்கே சாக்குதான். ஒரு பொருள் எந்த அளவு மாறும்வரை அதே பொருள்? மாற்றத்தில் புதிதாக ஏதாவது பிறக்கிறதா, இருந்ததே வெளிப்படுகிறதா? உலகைச் செய்த ஒருவர் உண்டென்றால் எதிலிருந்து செய்தார்? இவற்றைப் பேச வந்த ஒவ்வொரு சமயமும் ஏதாவதொரு பட்டறைக்குள் நுழைந்து ஒரு தொழிலைச் சாட்சிக்கு அழைத்தது. எந்தப் பட்டறைக்குள் நுழைந்தார்களோ, பெரும்பாலும் அதற்கேற்ற கடவுளோடுதான் வெளியே வந்தார்கள்.

முதலில் சூளை வழக்கை முடித்துவிடலாம். களிமண் என்பது ஏடு ஏடாக அடுக்கிய நுண்படிகங்கள். அதில் நீர் இரண்டு விதமாக இருக்கிறது. ஏடுகளுக்கு இடையே வெறுமனே தங்கியிருக்கும் நீர் நிழலிலும் வெயிலிலும் காய்ந்து போய்விடும். அது போனாலும் மண் மண்ணாகவே இருக்கும்; காய்ந்த பச்சைப் பானையைத் தொட்டியில் போட்டால் கரைந்து மறுபடி சேறாகும். இன்னொன்று படிகத்தின் கட்டமைப்போடு பிணைந்த நீர். சூளையின் வெப்பம் ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரி செல்சியசுக்குள் ஏறும்போது அது பிய்த்துக்கொண்டு வெளியேறுகிறது. ஏடுகளின் ஒழுங்கு குலைகிறது. அதற்கும் மேலே போனால் துகள்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். அதன்பின் எத்தனை நாள் தண்ணீரில் ஊறப்போட்டாலும் அது களிமண்ணாகத் திரும்பாது.

ஆக, பானையின் உருவம் ஒரு கணமும் கலையவில்லை, மேலே அடுக்கியவை விழவில்லை. அந்த அளவில் நையாயிகர் சொன்னது சரி. உள்ளே பழைய கட்டமைப்பு உடைந்து வேறொன்று எழுந்திருக்கிறது. அந்த அளவில் வைசேடிகர் கிறுக்கர்கள் அல்லர். நிறத்தில் மட்டும் இரு தரப்பும் தோற்றன. தீயின் சேர்க்கையைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள் காற்றை மறந்தார்கள். மண்ணிலுள்ள இரும்புக்குக் காற்று கிடைத்தால் சிவப்பு, காற்றில்லாமல் புகை சூழ்ந்தால் கறுப்பு. ஆதிச்சநல்லூர், கொடுமணல், கீழடி என்று எங்கு தோண்டினாலும் கிடைக்கும் கருப்பு-சிவப்பு மட்கலங்களே இதற்குச் சான்று. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டபோது காற்று புகாத உட்புறமும் வாய்விளிம்பும் கறுத்தன, வெளிப்புறம் சிவந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஒரே மண், ஒரே சூளை, ஒரே கலத்தில் இரண்டு நிறம்!

அடுத்தது தங்கப் பட்டறை. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் பன்னிரண்டு ஆண்டு படித்துவிட்டு, எல்லாம் தெரிந்த மிடுக்கோடு வீடு திரும்பும் சுவேதகேதுவைத் தந்தை உத்தாலகர் மடக்குகிறார். ஒரு மண்ணாங்கட்டியை அறிந்தால் மண்ணால் ஆன எல்லாவற்றையும் அறியலாம், ஒரு பொன்கட்டியை அறிந்தால் பொன்னால் ஆன அனைத்தையும் அறியலாம், மாற்றம் வெறும் பெயரளவுதான் என்பது அவருடைய வாதம். சங்கரரின் அத்வைதத்துக்கு இது அடிக்கல். வளையலை உருக்கிச் சங்கிலி செய்யலாம், சங்கிலியை உருக்கி மோதிரம் செய்யலாம், பொன் பொன்னாகவே இருக்கிறது. திருமந்திரத்திலும் மரத்தில் செய்த யானையும் பொன்னில் செய்த அணிகலனும் வருகின்றன. யானையைப் பார்க்கிறவருக்கு மரம் மறைகிறது, மரத்தைப் பார்க்கிறவருக்கு யானை மறைகிறது.

அத்வைதத்துக்குத் தங்கம் இவ்வளவு வாகாக வாய்த்தது தற்செயல் அல்ல. துருப்பிடிக்காத, எத்தனை தடவை உருக்கினாலும் முன்பிருந்தபடியே திரும்பி வரும் உலோகம் அது. மாற்றம் தோற்றம்தான் என்று காட்டுவதற்கு இதைவிடத் தோதான பொருள் கிடைக்காது. இருந்தாலும் நகைக்கடைப் படியேறியவர்களுக்கு உத்தாலகரிடம் கேட்க ஒன்றிரண்டு கேள்விகள் இருக்கும். செய்கூலியை விட்டுவிடலாம், சேதாரம் எந்தக் கணக்கில் வரும்? அராவும்போதும் மெருகிடும்போதும் போகும் பொன் எங்கே? இதைவிடப் பெரிய சிக்கல் 916 என்ற முத்திரையில் இருக்கிறது. சுத்தத் தங்கம் மிக மென்மையானது. அன்றாடம் அணியும் வளையலாகச் செய்தால் நசுங்கும், கொக்கி விரியும். ஆயிரத்தில் 916 பங்கு தங்கத்தோடு மீதிக்குச் செம்பும் வெள்ளியும் சேர்த்தால்தான் நகை தன் உருவத்தைத் தாங்கி நிற்கிறது. பொன்தான் உண்மை, உருவம் வெறும் பெயர் என்றால், அந்தப் பெயரைத் தாங்குவதற்கு எதற்காக வேறு உலோகத்தின் துணை?

உத்தாலகர் காட்டிய மூன்றாவது உதாரணத்தைப் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அது இரும்பு நகவெட்டி. அதை அறிந்தால் இரும்பால் ஆன அனைத்தையும் அறியலாமாம். எந்தக் கொல்லரும் இங்கே கையை உயர்த்தி நிறுத்தியிருப்பார்.

அரிவாளுக்குப் பேர்போன சிவகங்கை மாவட்டத் திருப்பாச்சேத்தியோ வேறெந்த ஊரோ, கொல்லுப்பட்டறையில் நடப்பதைப் பார்த்தால் காரணம் புரியும். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை உலையில் சிவக்கவிட்டு, குறட்டால் இழுத்துப் பட்டடைக்கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்து நீட்டி வளைக்கிறார்கள். வாய் தீட்டியாகிவிட்டது, பிடி போட வேண்டியதுதான் பாக்கி. பார்வைக்கு அரிவாள் தயார். ஆனால் இந்த நிலையில் அதைக் கொண்டு ஒரு கருவேலங்கட்டையை வெட்டினால் வாய் மடங்கிப்போகும். அதனால் வாய்ப்பக்கத்தை மறுபடி சிவக்கக் காய்ச்சி, விளிம்பை மட்டும் தண்ணீரில் முக்குகிறார் கொல்லர். சீறல் அடங்கியதும் வெளியே எடுத்து, ஒரு கல்லால் பரபரவென்று தேய்த்துப் பளபளப்பாக்கிக் கூர்ந்து பார்க்கிறார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல விளிம்பை நோக்கி ஊர்ந்து வரும்போது அந்தப் பளபளப்பின் மேல் நிறம் ஏறுகிறது. முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம். வேண்டிய நிறம் வாய்க்கு வந்த கணத்தில் மறுபடி தண்ணீரில் முக்கி நிறுத்துகிறார். இதுதான் துவைச்சல். மஞ்சளிலேயே நிறுத்தினால் வாய் கடினமாக இருக்கும், ஆனால் கல்லில் பட்டால் சில்லுப் போகும். நீலம் தாண்ட விட்டால் மழுங்கும். இடைப்பட்ட சில விநாடிகளில்தான் அந்த அரிவாளின் தலையெழுத்து.

இப்போது கணக்குப் பார்ப்போம். துவைச்சலுக்கு முன்னும் பின்னும் எடை ஏறத்தாழ ஒன்றே. வடிவம் ஒன்றே. இரும்பில் கலந்திருக்கும் கரியின் அளவும் ஒன்றே. சிவக்கக் காய்ந்த இரும்பின் படிக அமைப்பு மாறி, கரியணுக்கள் அதற்குள் கரைந்து நிற்கின்றன. மெதுவாக ஆறவிட்டால் அவை விலகித் தனி அடுக்குகளாகப் படிய நேரம் கிடைக்கும், உலோகம் மென்மையாகும். சட்டென்று குளிர்ந்தால் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்கின்றன. அந்த இறுக்கம்தான் கடினம். பொருளும் கூடவில்லை, புற உருவும் மாறவில்லை, ஆனால் வெட்டாதது வெட்டுகிறது. ஒரே அரிவாளில் வாய் ஒரு பொருள், முதுகு இன்னொரு பொருள்.

அத்வைதி இதற்கும் அசையமாட்டார். படிக அமைப்பும் நாமரூபம்தான், கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கிறது, அவ்வளவுதானே என்பார். நியாயமான பதில்தான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வெட்டுவதும் வெட்டாததும் வெறும் பெயர் வேறுபாடு என்று விறகு வெட்டுகிறவரிடம் சொல்ல முடியாது. அன்றாட உலகின் அளவில் அது உண்மை, பரமார்த்தத்தில் அல்ல என்று இரண்டு தளமாகப் பிரித்தாக வேண்டும். தங்கத்தை மட்டும் பேசியிருந்தால் அந்தப் பிரிவு எளிதாகத் தோன்றும். இரும்பு அதை அவ்வளவு எளிதாக விடுவதில்லை.

இரும்பின் பிடிவாதத்துக்குத் தென்னிந்தியாவின் வூட்ஸ் உருக்கு பேர்பெற்ற சாட்சி. மண்மூசையில் இரும்போடு கரிப்பொருள் இட்டு அடைத்துக் காய்ச்சி எடுத்த இந்தக் கட்டிகள் ஐரோப்பாவுக்குப் போனபோது அங்குள்ள கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி வெண்மையாகக் காய்ச்சி அடித்தார்கள். கட்டி நொறுங்கியது. கரி மிகுந்த அந்த உருக்கைச் சிவந்த நிலையிலேயே, பொறுமையாக அடிக்க வேண்டும். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819-ல் வூட்ஸைப் பகுப்பாய்ந்து கட்டுரையே எழுதினார். அதன் சிறப்புக்கு அலுமினியமே காரணம் என்று கருதி அவரும் சறுக்கினார். அடிப்பவர் நினைத்த வடிவத்தை எல்லாம் இரும்பு ஏற்றுக்கொள்ளாது. எந்தச் சூட்டில் ஏற்கும் என்பதை அதனிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த இடத்தில்தான் சைவ சித்தாந்தத்தின் குயவரைப் பார்க்க வேண்டும். பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். உலகுக்கு மாயை, சத்தி, சிவன் என்று அதே வரிசையில் வைக்கிறது சித்தாந்தம். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் இதை விரித்துப் பேசுகிறது. அரிஸ்டாட்டில் சிலைக்கு வெண்கலத்தைப் பொருட்காரணம் என்று சொல்லி நான்கு காரணங்களை அடுக்கியபோது கருவிக்கு அந்த நான்கில் தனி இருக்கை தரவில்லை. சித்தாந்தம் சக்கரத்துக்கும் தண்டுக்கும் ஓர் இடம் ஒதுக்கியது. பட்டறையை உற்றுப் பார்த்தவர்களின் பட்டியல் அது.

இன்னொன்றும் முக்கியம். சித்தாந்தத்தின் இறைவன் மண்ணைப் படைக்கவில்லை. மாயை அநாதி, உயிர்களும் அநாதி. 1215-ல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் கடவுள் அனைத்தையும் ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தார் என்று கத்தோலிக்கக் கோட்பாடாக அறிவித்தது. அந்தக் கடவுளுக்குப் பட்டறை தேவையில்லை. இங்கேயோ சாங்கியர் சொன்னதைப் போல எள்ளிலிருந்துதான் எண்ணெய் வரும், மணலிலிருந்து வராது. இல்லாதது தோன்றாது. பானை மண்ணிலேயே நுண்ணிலையில் இருக்கிறது என்றால் குயவர் எதற்கு என்று நையாயிகர் மடக்கினால், மண் அறிவற்றது, தானாக எழுந்து சக்கரத்தில் உட்காராது என்று சித்தாந்தி சொல்வார்.

கெட்டிக்காரத்தனமான பதில். ஆனாலும் ஒரு குறை தென்படுகிறது. தத்துவத்தின் களிமண் ஒருபோதும் விரிசல் விடுவதில்லை. மணல் மிகுந்து சக்கரத்தில் நிற்காமல் போவதில்லை, ஈரம் காயாமல் சூளையில் வெடிப்பதில்லை. குயவர் நினைத்தார், பானை வந்தது. உண்மையில் மண்ணைக் காயவைத்து இடித்து, கல் பொறுக்கி, ஊறவைத்து, வண்டலும் மணலும் அளவாகச் சேர்த்துக் காலால் மிதித்துப் பதப்படுத்திய பிறகுதான் சக்கரம் சுற்றத் தொடங்குகிறது. பானையில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

பிரெஞ்சுத் தத்துவவாதி கில்பெர் சிமோந்தோன் இதே குறையை அரிஸ்டாட்டில் மரபில் சுட்டினார். அவர் எடுத்துக்கொண்டது சாதாரணச் செங்கல். அச்சு வடிவம் தருகிறது, மண் வாங்கிக்கொள்கிறது என்பது பட்டறைக்கு வெளியே நின்று, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மட்டும் பார்க்கிறவரின் கணக்கு என்றார் அவர். உள்ளே போனால் அச்சும் மரத்தால் ஆன பொருள்தான், மண்ணும் பிசைந்து ஒரு வடிவுக்கு வந்ததுதான். ஆணையிடுபவரின் பார்வையிலிருந்து எழுந்த தத்துவம் என்று அவர் வைத்த குற்றச்சாட்டு காரமானது. நம் ஊர்ச் செங்கல் சூளைகளில் கல் அறுப்பவர்களைப் பார்த்தாலே அது விளங்கும். அச்சில் மணல் தூவாமல் மண்ணைத் திணித்தால் கல் கழன்று வராது. அந்த ஒரு பிடி மணல் முதற்காரணமா, துணைக்காரணமா?

இத்தனை தொழிலும் ஒருசேர நடக்குமிடம் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலை. அங்கே செய்வதே கடவுள் என்பதால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த கலவையில் முதலில் மெழுகுருவம் செய்கிறார்கள். தென்னோலை நறுக்கை மடித்து மடித்து அளவு பிரித்து, தாளம் என்னும் சிற்ப அளவுக் கணக்கில் அங்கங்கள் அமைகின்றன. முடித்ததும் மெழுகை நிறுத்துப் பார்க்கிறார்கள். மெழுகு இருந்த இடத்தை உலோகம் நிரப்ப வேண்டும். செம்பு மெழுகைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனமானது, அந்தக் கணக்கில் உலோகம் எடுக்க வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் வந்த மானசோல்லாசம் இப்படி மெழுகை நிறுத்து உலோகம் கணக்கிடுவதைப் பேசுகிறது.

பிறகு காவிரி வண்டலை நைசாகக் குழைத்து முதல் பூச்சு. விரல்ரேகை அளவு நுணுக்கத்தையும் வாங்கிக்கொள்வது இந்தப் பூச்சுதான். அதன்மேல் கரடான மண், இரும்புக் கம்பிக் கட்டு, நிழலில் காய்ச்சல். வறட்டித் தீயில் கூட்டைச் சூடேற்றினால் மெழுகு உருகி வழிந்து வெளியேறும். உள்ளே இப்போது இருப்பது வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குள், செம்பு பெரும்பங்காக உள்ள கலவையை உருக்கி, அறுபடாத தாரையாக ஊற்றுகிறார்கள். உலோகம் உறையும்போது சுருங்கும். ஊற்றுவாயிலும் தடத்திலும் நிற்கும் குழம்பு கடைசியாக உறைந்து, உள்ளே குறைவதை ஈடுகட்ட வேண்டும். அது முந்திக்கொண்டு உறைந்தால் உருவத்தில் குழி விழும். கோயம்புத்தூர் ஃபவுண்டரியில் பம்ப் கூடு வார்ப்பவருக்கும் ரைசர் விஷயத்தில் இதே கவலைதான். ஆறியதும் மண்கூட்டை உடைக்கிறார்கள். மெழுகு போயிற்று, கூடு போயிற்று. இதே வார்ப்பில் இன்னொன்று எடுக்க வழியில்லை.

உருவம் எங்கே இருந்தது? மெழுகில் என்றால் மெழுகு உருகிவிட்டது. மண்கூட்டில் என்றால் அங்கே இருந்தது உருவம் அல்ல, அதன் புறத்தைச் சுற்றிய எல்லை. நடுவில் சில மணி நேரம் அது எந்தப் பொருளிலும் இல்லாமல் ஒரு குழியாக மட்டும் நின்றது. இருந்ததே வெளிப்படுகிறது என்னும் சற்காரியவாதிகளுக்கும், இல்லாதது புதிதாகப் பிறக்கிறது என்னும் அசற்காரியவாதிகளுக்கும் இந்தக் குழி சங்கடம் தரும். செம்புக்குள் நடராசர் நுண்ணிலையில் ஒளிந்திருந்தார் என்று சொல்வது கடினம், ஏனெனில் அதே செம்பு அண்டாவாகவும் ஆகியிருக்கும். முற்றிலும் புதிதாகப் பிறந்தார் என்பதும் பொருந்தாது, ஏனெனில் நூலில், ஓலை நறுக்கில், மெழுகில், குழியில் என்று தொடர்ச்சியாக வந்துகொண்டே இருந்தார்.

ஆகமங்கள் இந்த வாதத்துக்குள் இறங்காமல் வேறு வழியில் போகின்றன. வார்த்து, அராவி, உளியால் செதுக்கி முடித்த உருவம் இன்னும் வழிபாட்டுக்கு உரியதல்ல. கண் திறப்பு நடக்க வேண்டும், பிரதிட்டை நடக்க வேண்டும். கோயிலில் திருப்பணி என்று வந்தால் தெய்வ ஆற்றலை உருவத்திலிருந்து கும்பநீருக்கு மாற்றி, அத்திப் பலகையில் எழுந்தருளச் செய்து பாலாலயம் அமைக்கிறார்கள். அதன்பிறகுதான் திருப்பணிக்காரர்கள் கருவியைக் கையில் எடுக்கலாம். அப்படியானால் தெய்வம் உலோகமும் அல்ல, உருவமும் அல்ல. இரண்டையும் விட்டு நீருக்கும் மரத்துக்கும் போய்த் திரும்ப முடிகிற ஒன்று.

இவ்வளவு தூரம் போன பிறகும் ஆகமம் பட்டறையைக் கைவிடவில்லை என்பதுதான் வியப்பு. உலோகமும் உருவமும் வெறும் இருப்பிடம்தான் என்றால் எந்த இருப்பிடமும் போதுமே? போதாது என்கிறது அது. அங்கம் பின்னப்பட்ட உருவத்துக்கு வழிபாடு இல்லை, தாள அளவு தப்பினால் தோஷம், வார்ப்பில் பழுது இருந்தால் உருவம் தகுதியிழக்கும். ஊற்றுவாய்க் குழம்பு ஒரு நிமிடம் முந்தி உறைந்து மார்பில் குழி விழுந்தால், எந்த மந்திரத்தாலும் அதைச் சரிக்கட்டுவதில்லை. மறுபடி மெழுகிலிருந்து தொடங்குகிறார் ஸ்தபதி.